அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி கிளம்ப மறுக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிச்சிகனிலோ ஒன்டாரியோவிலோ அரை ஏக்கர் புல்தரையுடன் வீடு வாங்கியவர்களுக்கு ஏப்ரல் கடைசியில் வரும் தலைவலி இது. நவம்பரில் நல்லபடியாக ஓட்டிக் கொட்டகையில் நிறுத்திய வண்டி, பனி கரைந்து புல் முழங்காலுக்கு வரும் வாரத்தில் அசைய மறுக்கிறது. உடனே ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பேட்டரியை மாற்று என்பார் ஒருவர், கார்பரேட்டரை மாற்று என்பார் இன்னொருவர். எதையும் வாங்காதீர்கள். முதலில் கண்டறியுங்கள், பிறகு வாங்குங்கள். பெரும்பாலான வண்டிகளுக்குத் தேவைப்படுவது கொஞ்சம் புதிய பெட்ரோல், கொஞ்சம் உப்புத்தாள், வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர், அரை நாள் பொறுமை ஆகியவைதாம்.

கே: எங்கிருந்து தொடங்குவது?

காதிலிருந்து. சாவியைத் திருப்பும்போது வண்டி என்ன ஒலி எழுப்புகிறது என்பதே பாதி விடை. ஒலியே இல்லையென்றால் மின்சாரம் எங்கோ தடைப்பட்டிருக்கிறது. ‘டக்’ என்று ஒரே ஒரு முறை கேட்டால் பேட்டரி, கம்பி முனைகள், சோலனாய்டு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) ஆகிய மூன்றில் ஒன்று. ‘டக்டக்டக்’ என்று படபடத்தால் பேட்டரியில் வலு இல்லை என்பது ஏறக்குறைய உறுதி. மோட்டார் மட்டும் ‘உர்ர்’ என்று சுற்றி எஞ்சின் அசையாமல் இருந்தால் ஸ்டார்ட்டரின் பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் அரைச் சுற்று சுற்றிச் சுவரில் மோதியதுபோல் நின்றால் அது தனிக்கதை, கீழே விரிவாகச் சொல்கிறேன். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பெட்ரோலையும் தீப்பொறியையும்தான் பார்க்க வேண்டும். அப்போது பேட்டரியின் பக்கமே போக வேண்டாம்.

வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள். மூடிய கராஜில் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்துவிடும். கத்திகளின் அருகே கை போகும் வேலை எதுவானாலும் ஸ்பார்க் பிளக்கின் கம்பியை முதலில் கழற்றி விலக்கி வையுங்கள்.

கே: சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. பேட்டரி போய்விட்டதா?

போயிருக்கலாம். ஆனால் அதற்கு முன் இருக்கையில் உட்கார்ந்து, பிரேக் மிதியை அடிவரை அழுத்தி, கத்தியை இயக்கும் சுவிட்ச் அல்லது நெம்புகோல் அணைந்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். போன முறை அவசரத்தில் வண்டியை நிறுத்தியவர் கத்தி நெம்புகோலை மேலேயே விட்டிருப்பார். அந்த நிலையில் வண்டி கிளம்பாது, கிளம்பவும் கூடாது. இரு கைப்பிடிகளால் ஓட்டும் ஜீரோ டர்ன் வகையில் கைப்பிடிகள் இரண்டும் வெளிப்பக்கம் விரிந்திருக்க வேண்டும், நிறுத்து பிரேக் போட்டிருக்க வேண்டும்.

இது சரியென்றால் பேட்டரியை அளந்து பாருங்கள். முழுதாக மின்னேறிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 அல்லது 12.7 காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு இருக்கிறது. 12-க்குக் கீழே போய்விட்டால் காலி என்றே கொள்ளுங்கள். ஓய்வில் நல்ல எண்ணைக் காட்டும் பேட்டரியும் சுமை ஏறியதும் படுத்துவிடலாம். ஆகவே ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். சுற்றும் நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது.

மின்னேற்றும்போது அவசரப்படாதீர்கள். இவை கார் பேட்டரியை விடச் சிறியவை. 2 ஆம்பியர் சார்ஜரில் இரவு முழுக்க விடுவதே நல்லது. 10 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். புதிதாக வாங்கினால் பழையதைக் கையோடு கொண்டுபோய், நேர்முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒப்பிட்டு வாங்குங்கள். ஒரே அளவில் இடப்பக்க முனை, வலப்பக்க முனை என இரண்டு வகை விற்கின்றன. மாறிப்போனால் கம்பி எட்டாது. கழற்றும்போது எதிர்முனையை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.

கே: பேட்டரி நன்றாக இருக்கிறது. அப்படியும் மௌனம்தான்.

ஃபியூஸைப் பாருங்கள். பேட்டரிக்கு அருகிலோ எஞ்சின் மூடியின் கீழோ, கார்களில் இருப்பதைப் போன்ற 15 அல்லது 20 ஆம்பியர் தட்டை ஃபியூஸ் இருக்கும். அது எரிந்திருந்தால் புதிதை மாட்டுவதற்கு முன் ஏன் எரிந்தது என்று தேடுங்கள். கொட்டகையில் குளிர்காலம் கழித்த வண்டி என்றால் எலி கடித்த கம்பியே முதல் சந்தேகம்.

அடுத்தது பாதுகாப்பு சுவிட்சுகள். இவற்றின் தர்க்கத்தைப் புரிந்துகொண்டால் தேடல் பாதியாகக் குறையும். வழக்கமான வண்டிகளில் ஸ்டார்ட்டருக்குப் போகும் மெல்லிய கம்பி, கத்தி சுவிட்சையும் பிரேக் சுவிட்சையும் ஒன்றன் பின் ஒன்றாகக் கடந்தே சோலனாய்டை அடைகிறது. ஏதாவது ஒன்று மூடாவிட்டால் மௌனம். இருக்கை சுவிட்ச் பெரும்பாலும் வேறு வேலை செய்கிறது. ஆள் எழுந்ததும் தீப்பொறியை நிறுத்துவது அதன் பணி. ஆகவே சத்தமே இல்லாத வண்டிக்குப் பிரேக் சுவிட்சையும் கத்தி சுவிட்சையும் பாருங்கள். கிளம்பிவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் அணையும் வண்டிக்கு இருக்கை சுவிட்சைப் பாருங்கள். நீங்கள் உட்கார்ந்தே இருந்தும் அணைகிறது என்றால், இருக்கைக்கு அடியில் இணைப்பான் கழன்றோ துருப்பிடித்தோ இருக்கும்.

கே: தொல்லை தரும் சுவிட்சை ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிட்டால் என்ன?

செய்யாதீர்கள். எந்த சுவிட்ச் கெட்டது என்று சோதிக்க, கத்தியை அணைத்து, ஸ்பார்க் பிளக் கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் இணைத்துப் பார்ப்பது வேறு. அப்படியே ஓட்டுவது வேறு. சரிவில் கவிழும் வண்டியிலிருந்து ஆள் விழும்போது கத்தியை நிறுத்த இருக்கும் ஒரே சாதனம் அந்தச் சிறு சுவிட்ச். பின்னோக்கிப் போகும்போது கத்தியை நிறுத்தும் ஏற்பாடும் அப்படித்தான். அப்பாவின் வண்டியைப் பார்த்து ஓடிவந்த குழந்தைகள் பின்சக்கரத்துக்குக் கீழே சிக்கிய விபத்துகள் அமெரிக்காவில் நடந்ததால் வந்த ஏற்பாடு அது. 16 வயதுக்குக் கீழுள்ளவர்கள் இந்த வண்டிகளை ஓட்டக்கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை. மடியில் குழந்தையை உட்காரவைத்துச் சுற்றிவரும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. புதிய சுவிட்சின் விலை வண்டியின் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

கே: ஒரு ‘டக்’ மட்டும் கேட்கிறது.

சோலனாய்டு என்பது சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் சுவிட்ச். ‘டக்’ என்ற ஒலி வருகிறது என்றால் சாவியும் பாதுகாப்பு சுவிட்சுகளும் தம் வேலையைச் செய்துவிட்டன. இனிப் பார்க்க வேண்டியது தடித்த கம்பிகளின் பாதையை.

முதலில் பேட்டரி முனைகளைக் கழற்றி உப்புத்தாளால் பளபளவெனத் தேயுங்கள். பிறகு எதிர்முனைக் கம்பி சட்டத்தில் திருகப்பட்டிருக்கும் இடத்தைக் கழற்றித் துருவை நீக்குங்கள். வெளியே பார்த்தால் இறுக்கமாகத் தெரியும் இணைப்புக்கு உள்ளே துரு பூத்திருக்கும். கண்ணை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை எஞ்சின் உலோகத்திலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ துரு மின்சாரத்தை விழுங்குகிறது.

பாதை சுத்தமாக இருந்தால் சோலனாய்டின் இரண்டு பெரிய முனைகளையும் அளந்து பாருங்கள். பேட்டரி பக்கம் 12 வோல்ட் இருக்கிறது, ‘டக்’ கேட்கிறது, ஆனால் ஸ்டார்ட்டர் பக்கத்துக்கு வோல்ட் வரவில்லை என்றால் சோலனாய்டு கெட்டுவிட்டது. இரு பக்கமும் சரியாக வந்தும் மோட்டார் சுற்றாவிட்டால் குற்றம் ஸ்டார்ட்டரில், அல்லது இறுகிப்போன எஞ்சினில். மூன்று முனை சோலனாய்டு, நான்கு முனை சோலனாய்டு என்று இரண்டு உண்டு. பார்த்து வாங்குங்கள்.

இரண்டு பெரிய முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் குறுக்கே தொட்டுக் கிளப்பும் வித்தையைப் பலரும் சொல்லித்தருவார்கள். அது எல்லாப் பாதுகாப்பையும் தாண்டி எஞ்சினைச் சுற்ற வைக்கும். பெட்ரோல் ஆவிக்கு அருகே நெருப்பு தெறிக்கும். கியர் விழுந்திருந்தால் வண்டி உங்கள் மேலேயே ஏறும். மீட்டர் அதே விடையை ஆபத்தில்லாமல் தருகிறது.

கே: எஞ்சின் பாதி சுற்றி நின்றுவிடுகிறது. பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் மாற்றியும் பயனில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. ஏனென்றால் இரண்டு புதிய பாகங்களுக்குப் பணம் போன பிறகே பெரும்பாலும் இது கேட்கப்படுகிறது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில், அதுவும் வால்வுகள் சிலிண்டரின் தலையில் அமைந்தவற்றில், மிகச் சாதாரணமாக வரும் கோளாறு இது. காரணம் வால்வு இடைவெளி.

பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று அதைப் பலமாக எதிர்த்துத் தள்ளும். சிறிய ஸ்டார்ட்டர் மோட்டாரால் அந்த அழுத்தத்தை வெல்ல முடியாது. அதற்காக, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டில் ஒரு சிறு மேடு வைத்திருக்கிறார்கள். கிளப்பும் வேகத்தில் மட்டும் அது வால்வை மயிரிழை அளவுக்குத் தூக்கி அழுத்தத்தைக் கசியவிடும். எஞ்சின் வேகம் பிடித்ததும் அந்த ஏற்பாடு ஒதுங்கிக்கொள்ளும். பல பருவங்கள் ஓடியபின் வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே இடைவெளி பெருகுகிறது. அந்தச் சிறு மேட்டின் தள்ளல் முழுவதும் இடைவெளியிலேயே கரைந்துவிடுகிறது. வால்வு திறப்பதில்லை, அழுத்தம் கசிவதில்லை, மோட்டார் திணறி நிற்கிறது. புதிய பேட்டரி போட்டதும் ஓரிரு நாள் கிளம்பும். அதுதான் ஏமாற்றிவிடுகிறது.

சோதிப்பது எளிது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். (கழற்றிய பிளக் கம்பியைத் துளையிலிருந்து தள்ளி, எஞ்சின் உலோகத்தோடு இணைத்து வையுங்கள்.) இப்போது எஞ்சின் தங்குதடையின்றிச் சுற்றினால் பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் குற்றமில்லை. வால்வு மூடியைத் திறக்க வேண்டியதுதான்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றி, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் அழுத்தச் சுற்றில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். பிளக் துளைக்குள் ஒரு மெல்லிய குச்சியை விட்டால் பிஸ்டன் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். உச்சியைக் கடந்து கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர், கீழே இறங்கியதும் நிறுத்துங்கள். இந்த இடத்தில்தான் அந்தச் சிறு மேடு வால்வைத் தொடாது. உச்சியிலேயே அளந்தால் அளவு தவறிவிடும். இனி இடைவெளி அளக்கும் தகடுகளைச் செருகிப் பாருங்கள். இந்த வகை எஞ்சின்களில் உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.003 முதல் 0.005 அங்குலம், வெளியேற்றும் வால்வுக்கு 0.005 முதல் 0.007 அங்குலம் என்பது வழக்கமான அளவு. உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ள எண்ணையே இறுதியாகக் கொள்ளுங்கள். தகடு லேசாக உரசிக்கொண்டு போகும்படி திருகைச் சரிசெய்து பூட்டு நட்டை இறுக்குங்கள். இரண்டு முழுச் சுற்று சுற்றி அதே இடத்துக்கு வந்து மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போது அளவு நகர்ந்திருக்கும்.

கோலர் நிறுவனத்தின் சில எஞ்சின்களில் எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானாகவே சரிசெய்துகொள்ளும் லிஃப்டர்கள் (வால்வைத் தள்ளும் பாகங்கள்) உண்டு. அவற்றில் இந்த வேலை கிடையாது.

கே: எஞ்சின் சுத்தமாக இறுகிவிட்டது. எண்ணெயில் பெட்ரோல் வாடை அடிக்கிறது.

உடனே சாவியை எடுத்துவிடுங்கள். கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசி மூடாமல், தொட்டியிலிருந்து பெட்ரோல் இரவெல்லாம் வழிந்து சிலிண்டரை நிரப்பியிருக்கிறது. திரவத்தைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. வலுக்கட்டாயமாகச் சுற்றினால் உள்ளே ஏதாவது வளையும். எண்ணெய் அளக்கும் கோலில் மட்டம் கோட்டுக்கு மேலே ஏறியிருப்பதும் இதற்கு அடையாளம்.

பிளக்கைக் கழற்றுங்கள். அதன் கம்பியைத் தொலைவில் வைத்து எஞ்சின் உலோகத்தோடு இணையுங்கள். துளைக்கு நேரே நிற்காமல், எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பெட்ரோலை வெளியேற்றுங்கள். எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றாமல் ஓட்டாதீர்கள். பெட்ரோல் கலந்த எண்ணெயில் ஓடினால் பேரிங்குகள் தேய்ந்துவிடும். மிதவை ஊசியை மாற்றியபின், தொட்டிக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே பெட்ரோலை நிறுத்தும் ஒரு வால்வைப் பொருத்திவிடுங்கள். ஒவ்வொரு முறையும் நிறுத்தியதும் அதை மூடினால் இந்தத் தொல்லை திரும்பாது.

கே: எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, பற்றிக்கொள்ள மட்டும் மறுக்கிறது. போன இலையுதிர் காலம் வரை நன்றாக ஓடியது.

அப்படியானால் பழைய பெட்ரோல். அமெரிக்கக் கேஸ் ஸ்டேஷன்களில் கிடைப்பதில் பெரும்பாலானது 10 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். இன்னொரு பக்கம் பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோய், எஞ்சியது கார்பரேட்டரின் ஊசித்துளையில் பிசினாகப் படியும். குளிர்காலம் முழுக்கத் தொட்டியில் கிடந்த பெட்ரோலை நம்பவே வேண்டாம். வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். 15 விழுக்காடு எத்தனால் கலந்தது புல்வெட்டிகளுக்குத் தடைசெய்யப்பட்டது. பம்பில் ஆரஞ்சு நிற ஒட்டி அதைச் சொல்லும்.

சோக்கை முழுவதும் இழுத்திருக்கிறீர்களா, அதன் கம்பி உண்மையிலேயே கார்பரேட்டரின் காற்றுக் கதவை மூடுகிறதா என்று பாருங்கள். பிறகு, கார்பரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிப் பாத்திரத்தில் பிடித்துச் சாவியைத் திருப்பினால் பெட்ரோல் துடித்துத் துடித்து வர வேண்டும். வராவிட்டால் வடிகட்டி அடைத்திருக்கலாம், தொட்டி மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கலாம், எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் சிறு பம்பின் சவ்வு கிழிந்திருக்கலாம்.

பெட்ரோல் அங்கே வரை வருகிறது என்றால் கார்பரேட்டர் கிண்ணத்துக்குக் கீழே பெட்ரோல் வழியைத் திறந்து மூடும், கம்பி மாட்டிய வேறொரு சிறு சோலனாய்டு இருக்கிறதா என்று பாருங்கள். சாவியை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்ததும் அது ‘டிக்’ என்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் பெட்ரோலின் வழியை அதுவே அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கம்பி கழன்றதற்காக முழுக் கார்பரேட்டரையும் மாற்றியவர்கள் உண்டு. அது சரியாக இருந்தால் மட்டுமே கிண்ணத்தைத் திறந்து, துளைகளைக் கார்பரேட்டர் கிளீனரால் கழுவி, மெல்லிய செம்பு இழையால் அடைப்பை எடுங்கள். இரும்புக் கம்பியால் குத்தித் துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள்.

கே: தீப்பொறி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிளக்குக்கும் கம்பிக்கும் நடுவே மாட்டும் சோதிப்பான் மலிவாகக் கிடைக்கிறது. சுற்றும்போது அது மின்ன வேண்டும். மின்னாவிட்டால் முதலில் புதிய பிளக். இடைவெளி பெரும்பாலும் 0.030 அங்குலம்.

அப்படியும் இல்லையென்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். இந்த எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் தீப்பொறி பேட்டரியிலிருந்து வருவதில்லை. சுழலும் சக்கரத்தின் காந்தம் காயிலை, அதாவது பிளக்குக்கு மின்சாரம் தரும் கம்பிச் சுருளை, கடக்கும்போது பிறக்கிறது. எஞ்சினை நிறுத்துவதற்காகக் காயிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி போகும். அது சட்டத்தைத் தொட்டால் தீப்பொறி செத்துவிடும். அந்தக் கம்பியைக் காயிலிலிருந்து கழற்றிச் சோதித்துப் பாருங்கள். தீப்பொறி திரும்பிவிட்டால் காயில் நல்லது. எலி கடித்த கம்பியோ இருக்கை சுவிட்சோ சாவி சுவிட்சோ அதைச் சட்டத்தோடு இணைக்கிறது. கழற்றிய நிலையில் எஞ்சினை ஓடவிடாதீர்கள், சாவியால் நிறுத்த முடியாமல் போகலாம். கம்பியைக் கழற்றியும் தீப்பொறி இல்லையென்றால் காயில்தான்.

மரவேரில் கத்தி மோதி நின்ற வண்டி பிறகு கிளம்பவில்லை என்றால், சுழல்சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் சிறு உலோகச் சாவி (ஃப்ளைவீல் கீ) வெட்டுப்பட்டிருக்கலாம். அப்போது தீப்பொறி வரும், ஆனால் தவறான நேரத்தில் வரும்.

கே: கடைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை எது?

சிலிண்டரில் அழுத்தமே இல்லாதபோது, எஞ்சின் எண்ணெயின்றி ஓடி இறுகியபோது, வால்வைத் தள்ளும் கோல் வளைந்து காரணம் புரியாதபோது. வசந்த காலத்தில் பழுதுபார்க்கும் கடைகளில் வரிசை நீளும். முடிந்தால் மார்ச்சிலேயே கொட்டகையைத் திறந்து சாவியைத் திருப்பிப் பாருங்கள். வண்டியைத் தள்ளி ஏற்ற வேண்டுமென்றால், ஹைட்ரோஸ்டாட்டிக் (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களை இயக்கும்) வகையில் பின்பக்கம் இருக்கும் விடுவிப்பு நெம்புகோலை இழுத்துவிட்டுத் தள்ளுங்கள்.

‘ஓடவில்லை’ என்று மட்டும் சொல்லி ஒப்படைக்காதீர்கள். எந்த ஒலி வந்தது, எத்தனை வோல்ட் காட்டியது, எதையெல்லாம் மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எஞ்சினின் எண்களையும் சேர்த்து எழுதுங்கள். வண்டியின் எண் பொதுவாக இருக்கைக்கு அடியில் இருக்கும். எஞ்சினின் எண் வேறு. பிரிக்ஸ் எஞ்சின்களில் அது உலோக மூடியின் மேல் மாடல், வகை, குறியீடு என மூன்று தொகுதிகளாகப் பொறிக்கப்பட்டிருக்கும். குறியீட்டின் முதல் ஆறு இலக்கங்கள் தயாரான நாள். 180412 என்று தொடங்கினால் 2018 ஏப்ரல் 12. பாகம் வாங்கும்போது கடைக்காரர் முதலில் கேட்பது இந்த மூன்று எண்களைத்தான்.